முன்னால் நிற்பவர் குரல்

காது மெஷின் வாங்க வருகிறவர்களுக்கு எங்கள் கடையில் ஒரு படிவம் உண்டு. பெயர், வயது, ஊர், தொழில். பொன்னாயிக்கு அதை நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் அவரைக் கேட்காமலேயே 'வீட்டு வேலை' என்று எழுதினேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மகள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டியபடி உட்கார்ந்திருந்த ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு வேறு என்ன தொழில் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அப்போதெல்லாம் எனக்கு அப்படியொரு மிதப்பு.

அவர் செய்துவந்த வேலை வேறு. ஒரு மனிதனை உயிரோடு கீழே இறக்குவது.

மலைமேல் அவர் வாழும் பகுதிக்கு வாழவந்தி நாடு என்று பெயர். அங்கே மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரங்களில்தான் ஏற்றிவிட்டிருப்பார்கள். மரம் நாற்பது அடி, ஐம்பது அடி போகும். பறிக்க ஏறுவது ஒற்றை மூங்கிலில். கணுவுக்குக் கணு, கிளையை வெட்டிய இடத்தில் நாலு விரல் நீளம் விட்டிருப்பார்கள். கால் ஊன்ற அதுதான் படி. ஒரு பக்கம் பறித்து முடித்ததும் மூங்கிலை மரத்தைச் சுற்றி நகர்த்த வேண்டும் என்பதால் அதைக் கட்டமாட்டார்கள், சும்மா சாத்தித்தான் வைப்பார்கள். அதனால் அடியில் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். மேலே இருப்பவர் ஒரு பக்கம் எட்டினால் இவர் மறுபக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். அடி வழுக்கினால் பாதத்தை அணைகொடுத்து நிறுத்த வேண்டும். பறிப்புக் காலத்துக் காலை நேரங்களில் மூடுபனி இறங்கிவிட்டால் மேலே இருக்கும் ஆள் தெரியவே மாட்டார். குரல் மட்டும்தான் வரும்.

கருப்பண்ணன் ஏறுவார். அவர் மனைவி பொன்னாயி பிடிப்பார். தேவனூர் நாட்டில் பிறந்த பொன்னாயி கல்யாணமாகி மலைக்கு இந்தப் பக்கம் வந்த இரண்டாவது வருசம் தொடங்கிய வேலை. இருபத்தொன்பது பறிப்பு முடித்திருந்தார்கள். ஒரு தடவைகூடக் கருப்பண்ணன் கீழே விழுந்ததில்லை.

நாற்பத்தைந்து வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு பொன்னாயிக்குக் காது மங்க ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் மூங்கிலடிக்கு வேறு ஆள் தேடியிருப்பார்கள். இவர்கள் தேடவில்லை. பொன்னாயி இரண்டு உள்ளங்கைகளையும் மூங்கிலில் பதித்து நின்றார். கருப்பண்ணன் மேலேயிருந்து குதிகாலால் கணுவை உதைப்பார். ஒரு உதை என்றால் இறுக்கிப் பிடி. இரண்டு என்றால் நகர்த்து. மூங்கில் வழியாக அது கைக்கு வந்துவிடும். கடைசி ஏழு பறிப்பை இப்படித்தான் செய்தார்கள். பனி எவ்வளவு இறங்கினாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் பொன்னாயி கையை எடுக்கவே மாட்டார். மூக்கு அரித்தால்கூடத் தோளில் தேய்த்துக்கொள்வாராம்.

இதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தெரியவேண்டிய நேரத்தில் எனக்குத் தெரியாது.

என் பெயர் நசீபா. ராசிபுரத்தில் என் அத்தா ராஜா முகமது மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அதன் உள்ளறையில் நான் காது பரிசோதித்து மெஷின் பொருத்துகிறேன். அதற்குத்தான் படித்தேன். வருகிறவர்களிடம் எனக்குப் பொறுமை போதாது என்று அத்தா அடிக்கடி சொல்வார். அவர் சொல்வது சரிதான்.

பொன்னாயியை அழைத்து வந்தது அவருடைய ஒரே மகள் ராதிகா. முள்ளுக்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். "போன்ல பேசுனா அம்மாவுக்கு ஒண்ணுமே கேக்கறதில்லீங்கக்கா, நான் கத்தறது எங்க தெருவுக்கே கேக்குது" என்றாள். ஐந்து வருசமாக அம்மாவோடு ஒரு வார்த்தை நிம்மதியாகப் பேசவில்லை என்று சொல்லும்போது அவள் கண் கலங்கியது. போன் பேசத்தான் மெஷின். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

இரண்டு காதுக்கும் பொருத்தினேன். அதில் இரண்டு புரோகிராம் வைத்துக் கொடுத்தேன். ஒன்றாம் நம்பரில் நாலு பக்கச் சத்தமும் வரும். இரண்டாம் நம்பரில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துப் பேச்சு தூக்கலாக வரும், முதுகுப் பக்கமும் தலைக்கு மேலேயும் இருந்து வருவதை மெஷின் அமுக்கிவிடும். சந்தை, கல்யாண மண்டபம் மாதிரி இரைச்சலான இடங்களுக்காக வைப்பது. சின்ன பட்டனை அமுக்கினால் மாறும். பேட்டரியைப் பற்றியும் சொன்னேன். முதுகில் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதை உரித்தால்தான் காற்றுப் பட்டு வேலை செய்யும், எட்டு நாள் பத்து நாள் வரும் என்றேன். பொன்னாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு அட்டையிலிருந்த ஆறு பேட்டரியும் தீர்ந்துவிட்டதாம். எப்படித் தீரும் என்று துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. காலைக் குளிரில் விரல் மரத்துப்போய் ஸ்டிக்கரை உரிக்க வராது என்று ஆறையும் ஒரே நாளில் உரித்து வைத்திருக்கிறார். ஈரம் படக்கூடாதே என்று ஒரு பாட்டிலில் போட்டு, மூடாமல், அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருக்கிறார்.

"வெதச் சாமையும் அங்கதானுங்க வெக்கறோம். பொகையில பூச்சி புடிக்காது, பூஞ்சணம் வராது, எத்தன நாளானாலும் கெடாதுங்க" என்றார்.

"இது சாமையில்லீங்கம்மா! ஸ்டிக்கரை எடுத்த நிமிசத்திலிருந்து தீர ஆரம்பிச்சிடும், காதுல போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. அடுப்புச் சூட்டுல வெச்சா காஞ்சு செத்துப்போகும். படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். சிரித்தார்கள். ராதிகா வெட்கத்தில் அம்மாவை முறைத்தாள். பொன்னாயி முகம் சுருங்கியதைப் பார்த்தேன், ஆனாலும் நிறுத்தவில்லை. மலைக்காரர்களுக்கு எதையும் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்று அத்தாவிடம் முணுமுணுத்தேன். நல்லவேளை, அது பொன்னாயிக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பேட்டரியில் அவர் ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால் ஊரெல்லாம் அந்தக் கதை பரவிவிட்டது. பொன்னாயி பேட்டரியைப் பரணில் வைத்து வறுத்த கதை.

அடுத்த தொல்லை சத்தம். மலையில் காற்று, சில்வண்டு, மரத்து இலை, யாரோ வெட்டும் விறகு, எல்லாம் ஒன்றாகக் காதுக்குள் இறங்குகிறது, தலை வலிக்கிறது என்று மூன்று தடவை மலை இறங்கி வந்தார். பட்டனை அமுக்குங்கள் என்றால் காய்த்துப்போன விரலுக்கு அது அகப்படுவதில்லை. முந்தானை உரசித் தானாக மாறிக்கொள்கிறது. மூன்றாவது தடவை வந்தது ஒரு சனிக்கிழமை. கடை நிறைய ஆள். எனக்குச் சலிப்பு.

"சத்தமெல்லாம் வேண்டாம் கண்ணு. மனுசர் பேசறது மட்டும் கேட்டாப் போதும்" என்றார்.

சரி என்று இரண்டாம் நம்பரை மட்டும் வைத்தேன். ஒன்றாம் நம்பரை எடுத்துவிட்டேன். பட்டனையும் வேலை செய்யாமல் செய்துவிட்டேன். இனி மெஷினைப் போட்டால் எப்போதும் இரண்டாம் நம்பர்தான். அவருக்கு நேர் முன்னால் உட்கார்ந்து, வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு பத்து வார்த்தை சொன்னேன். ஒன்பதைத் திருப்பிச் சொன்னார். ராதிகா கைதட்டினாள். பொன்னாயி என் கன்னத்தைத் தொட்டு, "மகராசியா இரு சாமி" என்றார். நான் எழுந்து அவர் முதுகுப் பக்கம் போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கலாம். நாலு எட்டுதான். அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. பேட்டரி வாங்க ராதிகாதான் வருவாள். வரும்போதெல்லாம் சந்தோசமாகச் சொல்லுவாள். அம்மா போனில் சிரிக்கிறதாம். பக்கத்துக் காட்டு யமுனாவோடு பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லையாம். தையில் மிளகு பறிப்பு தொடங்கியபோது ஒன்று சொன்னாள்.

"அப்பாவுக்குத்தான் பெருமை தாங்கலீங்கக்கா. டீக்கடையில எல்லார்கிட்டயும் சொல்றாரு, இனி ஒதைக்கற வேலையில்ல, மேல இருந்து வாயில சொன்னாப் போதும், எம் பொண்டாட்டிக்குக் கேக்கும்னு."

எதை உதைப்பது என்று நான் கேட்டேன். அப்போதுதான் அவள் மூங்கிலைப் பற்றிச் சொன்னாள். அப்பா ஏறுவதையும், அம்மா கையைப் பதித்து நிற்பதையும், ஏழு வருசமாகக் குதிகாலால் பேசியதையும். இப்போது அம்மா கையை எடுத்துவிட்டு, கீழே சிந்தும் மிளகைப் பொறுக்குகிறதாம், கூப்பிட்டால் மட்டும் ஓடிப்போய்ப் பிடிக்கிறதாம், வேலை சீக்கிரம் முடிகிறதாம்.

எனக்குள் என்னவோ ஒன்று நெருடியது. அதை உண்மையாகச் சொல்கிறேன். இரண்டாம் நம்பர் என்று ஒரு நொடி நினைத்தேன். ஒருநாள் அம்மாவைக் கூட்டி வா, செட்டிங்கைப் பார்க்கிறேன் என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை, அவசரம் என்றும் சொல்லவில்லை. பறிப்பு முடியட்டும் என்றாள். சரி என்றேன். சரி என்று சொன்ன என் வாயை என்ன செய்வது?

மாசி எட்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கருப்பண்ணன் விழுந்தார். ராத்திரி முழுக்கத் தூறல் போட்டுச் சருகெல்லாம் நனைந்திருந்திருக்கிறது. அவர் முப்பதடியில் இருக்கும்போது மூங்கிலின் அடி கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது. மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். மேட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவருக்கே கேட்டிருக்கிறது. பொன்னாயி மரத்துக்கு முதுகைக் காட்டிக் குந்தி மிளகு பொறுக்கிக்கொண்டிருந்தார், மூங்கிலிலிருந்து ஐந்தடி தூரத்தில். திரும்பவே இல்லை. கீழே பாறை. மலை இறங்கும் பாதையில் பாதி வளைவுகூடத் தாண்டவில்லை, ஆம்புலன்ஸிலேயே உயிர் போய்விட்டது.

மூன்றாம் நாள் அத்தாவும் நானும் போனோம். வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு ஒருவர் அத்தாவிடம், "பேட்டரி தீந்துபோயிருக்குதுங்க பாய். அந்தம்மா பாக்காம உட்டுட்டா. மின்னயே பரண்ல வெச்சுக் கெடுத்தவதானே" என்றார். எல்லோரும் அதையே சொன்னார்கள். ராதிகா அம்மாவின் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர்ச் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். பொன்னாயியின் காதில் மெஷின் இல்லை. எங்களைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. யமுனா வெளியே மாட்டுக் கொட்டகையோரம் நின்றாள். அன்று கூட இருந்தவள் அவள்தான் என்பதால் என்ன நடந்தது என்று கேட்டேன். "அக்காளுக்குக் கேக்கலீங்க" என்று மட்டும் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அங்கே நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது. பேட்டரியாகத்தான் இருக்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பொன்னாயி கடைக்கு வந்தார். ராதிகா வெளியே நிழலில் நின்றுகொண்டாள். பொன்னாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து, மெஷின் பெட்டியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "பாரு கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

திறந்தேன். கழற்றி வைக்கும்போது திறந்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தபடி, பேட்டரிக் கதவு இரண்டும் திறந்தே இருந்தன. அன்றைக்குப் பிறகு அவர் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை. இரண்டு பேட்டரியையும் அளக்கும் கருவியில் வைத்தேன். முள் பச்சைக்குப் போய் நின்றது. சும்மா கிடந்த பேட்டரி முதலில் மட்டும் பச்சை காட்டி ஏமாற்றும் என்பதால், அவற்றைத் திரும்ப மெஷினில் போட்டுக் கதவை மூடி மேசையில் வைத்துவிட்டு, வேறு ஒருவரைப் பரிசோதித்து முடித்து, முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன். மெஷின் உயிரோடுதான் இருந்தது. பேட்டரி இன்னும் ஓரிரு நாள் தாங்கும்.

எங்களிடம் டாக்டர்கள் வைத்திருப்பது மாதிரி ஒரு குழாய் உண்டு. மெஷினை அதில் மாட்டினால் மெஷினுக்குக் கேட்பதை நாமும் கேட்கலாம். அதை என் காதில் வைத்துக்கொண்டு அத்தாவைக் கூப்பிட்டு, என் முன்னாலிருந்து எண்ணிக்கொண்டே என்னைச் சுற்றி நடக்கச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று. பளிச்சென்று கேட்டது. என் தோளைத் தாண்டியதும் குரல் இறங்கியது. முதுகுக்குப் பின்னால் போனபோது அத்தா எண்ணுகிறாரா நிறுத்திவிட்டாரா என்றே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாய் அசைந்துகொண்டிருந்தது. பதினொன்று.

பொன்னாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பேட்டரியைக் கவனிக்காமல் புருசனைக் கொன்றவள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது, பெற்ற மகளே தள்ளி உட்காருகிறாள். அந்தப் பழியை இவர் சுமக்கக் கூடாது. மெஷினைப் போட்டுக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். போடாவிட்டால் கத்தித்தான் சொல்ல வேண்டும், கடையில் ஆள் இருக்கிறது. சத்தம் வெளியே போகாத பரிசோதனை அறைக்குள் அவரைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். அவர் காதோரம் குனிந்து, தொண்டை வலிக்கக் கத்தினேன்.

"பேட்டரி நல்லா இருக்குதுங்கம்மா! தப்பு உங்க மேல இல்லை! நான்தான் முன்னால பேசறது மட்டும் கேக்கற மாதிரி வெச்சுட்டேன்! பின்னால கூப்பிட்டா கேக்காது! என் தப்பு!"

அவர் அழுவார், அடிப்பார், மண்ணைவாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப அவரு கூப்புட்டது என் காதுக்கே வல்லியா?"

"வரலைங்கம்மா!"

"நெசமா?"

"அல்லா மேல ஆணையா!"

மூச்சை இழுத்து விட்டார். அது ஆறுதலா, வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மெதுவாகப் பேசினார். காது கேட்காதவர்கள் வழக்கமாகப் பேசும் உரத்த குரலில் இல்லை.

"பேட்டரி தீரலைன்னு எனக்குத் தெரியும் கண்ணு. எதுத்தாப்புல குந்தியிருந்த யமுனா சொல்றது பூராவும் கேட்டுச்சே. அவ மாமியா ஆட்டுக்குட்டிய மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல டிக்கெட் எடுக்கமாட்டேன்னு சண்டை போட்ட கதையச் சொன்னா. வகுறு வலிக்கச் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இருந்தேன். அவ மொகம் மாறுச்சு, அப்பத்தான் திரும்புனேன். அதுக்குள்ள..."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருந்தது.

"ராதிகாகிட்ட பேட்டரின்னே சொல்லிரு."

"ஏனுங்கம்மா? உங்களைத்தானே எல்லாரும்..." என்று கத்தினேன்.

"காது கேக்காம இருந்தேன்னு அவ நெனச்சுக்கட்டும். அவ அப்பன் மேல இருந்து உசுருக்குக் கூப்புடறப்ப நான் கீழ சிரிச்சுக்கிட்டு இருந்தேன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். நீ செட்டிங்கைச் சொன்னா அதையும் சொல்லோணும். பேச்சு மும்முரத்துல யமுனாவும் கவனிக்கலைன்னு அவ பேரும் வரும். அவளும் புள்ளகுட்டிக்காரி. வேண்டாஞ்சாமி."

நான் மறுத்திருக்க வேண்டும். செட்டிங் என் தப்பு என்பதை மட்டும் சொல்லியிருக்கலாம், சிரித்த கதையை விட்டுவிட்டு. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. தோன்றியபோதே, அத்தா கடை வாசலில் மலைச்சனம் வந்து நிற்பதும் கண்ணுக்குள் வந்தது. பொன்னாயி கேட்டுக்கொண்டதைச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

வெளியே வந்தோம். மெஷின் பெட்டியைப் பொன்னாயி எடுத்துக்கொள்ளவில்லை, மேசையிலேயே விட்டுவிட்டார். ராதிகா என்னைப் பார்த்து, "என்னங்கக்கா ஆச்சு?" என்றாள்.

"பேட்டரிதான் ராதிகா. சுத்தமாத் தீர்ந்திருந்தது" என்றேன்.

அவள் முகம் இறுகியது. அம்மாவின் முழங்கையைப் பிடித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேகமாக நடந்தாள். "எத்தன தடவ சொன்னேன் உனக்கு! ஒரு பேட்டரியப் பாக்க முடியாதா உன்னால? எங்கப்பன் போயிட்டாரே, உன்னாலதானே போனாரு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். ஒரு வார்த்தையும் காதில் விழாமல் பொன்னாயி அவளோடு தலையாட்டிக்கொண்டே போனார். நான் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அவர்கள் பஸ் ஏறும் வரைக்கும் நின்றேன், கூப்பிடவில்லை.